அணையா விளக்கும் அணு உலையும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நாம் காரைக்கால் பகுதியின் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். காற்றின் இரைச்சல் தணிந்ததும் ஆலயக் கதவைத் திறந்து உள்ளே சென்றோம். நற்கருணைப் பேழையின் முன் எந்நேரமும் ஒளிரவேண்டிய அணையா விளக்கு அணைந்து கிடந்தது. எண்ணெய் வார்ப்பதும் திரி மாற்றுவதும் தொல்லையென்று கருதி, நாமே அதை மின்விளக்காக மாற்றிவிட்டிருந்தோம். வயது முதிர்ந்த கோயில்பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் பழைய கண்ணாடி விளக்கைத் தேடியெடுத்துத் துடைத்து, எண்ணெய் வார்த்து ஏற்றிவைத்தார். மின்சாரம் திரும்பச் சில நாட்களாயின. அதுவரை ஆண்டவரின் சந்நிதியில் அந்தச் சிறு சுடரே எரிந்தது.

அந்த விளக்கை நினைக்கும்படியாக அண்மையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நம் தலத்தெருவைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒருநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருடைய மகன் அணுமின் நிலையம் ஒன்றில் பொறியாளர். தெற்கே, கூடங்குளத்தை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பக்தியுள்ள குடும்பம், பெண்ணுக்கும் சம்மதம். ஆனால் பெண்ணின் தந்தை, மாப்பிள்ளையின் வேலையைக் கேட்டதும் மௌனமாகிவிட்டாராம். பிறகு, "எங்கள் தூக்கத்தைக் கெடுத்த உலையில் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு எப்படிப் பெண் கொடுப்பது?" என்று சொல்லியனுப்பினாராம். அந்தத் தாய் கண்கலங்கி நம்மை நோக்கி, "சாமி, என் பிள்ளை செய்கிற வேலை பாவமா?" என்று கேட்டார்.

உடனே விடைசொல்ல நமக்கு நா எழவில்லை. "நன்றாக யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்று கூறி அனுப்பினோம். யோசித்ததை இப்பக்கங்களில் எல்லாக் குடும்பங்களோடும் பகிர்ந்துகொள்வது நலமென்று தோன்றுகிறது.

முதலாவதாக, நம் வீட்டு விளக்கு எதனால் எரிகிறது? நமக்கு அருகிலேயே திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அது போதாது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் தொலைவிலுள்ள பிற நிலையங்களும் நமக்கு ஒளி தருகின்றன. கூடங்குளத்தின் முதலிரண்டு உலைகளின் திறன் 2,000 மெகாவாட். அதைப் பங்கிட்டபோது தமிழகம், கருநாடகம், கேரளம் ஆகியவற்றுடன் புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்கும் 67 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. ஆக, அந்த உலையின் வெப்பம் தலத்தெருவின் மின்விசிறியையும் சுழற்றுகிறது. அது பாவமாயின், அந்தப் பொறியாளர் மட்டும் சுமக்கவேண்டிய பாவமன்று.

அணுமின் நிலையமும் ஒருவகை அடுப்புதான். நெய்வேலியில் நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகிறார்கள். அணு உலையிலோ யுரேனிய அணு பிளவுபடும்போது எழும் வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. இரண்டிடத்திலும் ஆவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. அணு உலையில் புகையில்லை. இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் ஒரே சீராக மின்சாரம் கிடைக்கும். கரியமில வாயுவால் உலகம் சூடேறிக் கடல்மட்டம் உயரும் இந்நாளில், அரசலாற்று முகத்துவாரத்தில் வாழும் நாம் இந்நன்மையைச் சிறிதென்று தள்ளலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியபோது, கல்பாக்கம் நிலையத்தின் நீரேற்றுக் கட்டடத்துள்ளும் கடல்நீர் புகுந்தது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதை நிறுத்தியவர்களும் அந்தத் தாயின் மகனைப் போன்ற பிள்ளைகளே.

எனினும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தது. 2011 மார்ச் 11 அன்று சப்பானின் புகுசிமாவில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் சேர்ந்து வந்தன. உலையைக் குளிர்விக்கும் நீரேற்றிகளுக்கு மின்சாரம் தரவேண்டிய டீசல் எந்திரங்கள் கடல்நீரில் மூழ்கின, எரிபொருள் உருகியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். கதிர்வீச்சால் நேரே இறந்தோர் மிகக் குறைவென்பது உண்மை. ஆனால் தலைமுறையாக உழுத நிலத்தை ஒரே இரவில் இழந்தவனுக்கு அது என்ன ஆறுதல்? உலையிலிருந்து வெளிவரும் கழிவின் கதை இன்னும் நீண்டது. அதிலுள்ள புளுடோனியத்தின் ஒரு வகை பாதியளவாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் வேண்டும். நம் ஆண்டவர் பிறந்தே இரண்டாயிரம் ஆண்டுகள்தாம் ஆகின்றன!

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் இராஜீவ் காந்திக்கும் கோர்பசேவுக்கும் இடையே கையெழுத்தானது. கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. புகுசிமாவைத் தொலைக்காட்சியில் கண்ட இடிந்தகரை மக்கள், 2011-இல் தங்கள் லூர்து அன்னை ஆலயத்தின் முன் பந்தலிட்டு உண்ணாநோன்பு இருந்தனர். புனித சவேரியார் நடந்த முத்துக்குளித்துறையின் மக்கள் அவர்கள். அவ்வாண்டு நவம்பரில் அங்கு வந்த அப்துல் கலாம், உலை பாதுகாப்பானது என்று கூறினார். அவரும் கடற்கரையில் பிறந்தவரே. ஆயினும் மக்களின் அச்சம் தீரவில்லை. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடியவர்கள்மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்றே மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் உலைக்கு இசைவளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் கம்பிகளில் ஓடத் தொடங்கியது.

இங்கே நம் குறையையும் அறிக்கையிட வேண்டும். அந்த மீனவர் இறந்தது செப்டம்பர் 10. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் வேளாங்கண்ணித் திருவிழாவின் விளக்கொளியில் நாம் மகிழ்ந்து திரும்பியிருந்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவருக்காக ஒரு மன்றாட்டுக்கூடச் சேர்க்கவில்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டோம். அவர்களது அச்சம் சரியா, தவறா என்று அன்று நமக்குத் தெரியாது. ஆனால் துயருறும் சகோதரனுக்காகச் செபிக்க, அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அணு வேண்டாமெனில் மாற்று எது? காற்றும் கதிரவனும் என்பர். அவ்விடை இன்று வெறுங்கனவு அன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில், காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைக் கன்னியாகுமரி செல்வோர் கண்டிருப்பர். தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. 2017-இல் இராசத்தானத்துப் பத்லாவில் சூரிய மின்சாரத்தின் ஏலவிலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசாக இறங்கியது.

ஆயினும் காற்று தென்மேற்குப் பருவத்தில் வாரி வழங்கிவிட்டு, மார்கழியில் கையை விரித்துவிடும். கதிரவன் மறைந்த பிறகே நம் வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் தேவைப்படுகின்றன. ஆதலின் சேமிப்பு வேண்டும். மிகுதியான மின்சாரத்தால் நீரை மேல்நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் ஆனைமலைப் பகுதியில் காடம்பாறையில் உள்ளது. இத்தகைய நிலையங்களும் மின்கலங்களும் இன்னும் பல வேண்டும். பகட்டான திருமணத்துக்குத் துணிந்து செலவிடும் நாம், இதற்கும் செலவுண்டு என்பதை ஏற்கவேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது? அணுவின் அமைதிப் பயன்பாட்டை அது தடைசெய்யவில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமையில் 1957 முதல் திருப்பீடம் உறுப்பினர். ஆனால் மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2019 நவம்பரில் சப்பானிலிருந்து திரும்பும் வழியில், முழுப் பாதுகாப்பு உறுதியாகும்வரை அணுமின்சாரத்தைப் பயன்படுத்தலாகாது என்பதே தம் சொந்தக் கருத்தென்றார். 2015-இல் வெளியான அவரது 'இலவுதாத்தோ சீ' திருமடல், நிலக்கரியையும் எண்ணெயையும் தாமதமின்றிக் கைவிடத் தூண்டுகிறது. வத்திக்கானின் ஆறாம் பவுல் மண்டபக் கூரையில் 2008-இலேயே சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன.

நம் மனத்தில் தெளிவது இதுதான். தவறு நேர்ந்தால் ஒரு தலைமுறைக்குள் திருத்தக்கூடிய வழியே கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. சூரியத் தகடு உடைந்தால் மாற்றலாம்; காற்றாலை சாய்ந்தால் நிறுத்தலாம். பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள் காவல்காக்க வேண்டிய கழிவை அவர்களைக் கேளாமல் விட்டுச்செல்ல நமக்கு உரிமை ஏது? ஆதலின் புதிய உலைகளைவிடக் காற்றையும் கதிரவனையும் நாடுவதே நலம். இருக்கும் உலைகளோ, தம் கடனை உணர்ந்த நல்ல பிள்ளைகளின் கையில் இருக்கவேண்டும்.

இதில் நம் வீட்டுக்கும் கடமையுண்டு. 2024-இல் நடுவணரசு தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அது நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழப் போதுமானது. கூரையோ வசதியோ இல்லாதவர்கள், ஆளில்லாத அறையின் மின்விசிறியை நிறுத்தலாம். பங்குத் திருவிழாவில் அலங்கார விளக்குகளைப் பாதியாக்க நாமே முன்வருகிறோம். அணையா விளக்கும் மீண்டும் எண்ணெய் விளக்காகிவிட்டது. அதற்கு எண்ணெய் வார்க்கும் வேலையை நாமே எடுத்துக்கொண்டுள்ளோம்.

அந்தத் தாய் சென்ற ஞாயிறு மீண்டும் வந்தார். "அம்மா, உங்கள் மகன் செய்வது பாவமன்று, மிகுந்த விழிப்போடு செய்யவேண்டிய காவல். ஆனால் பெண்ணின் தந்தையும் தவறாகப் பேசவில்லை. ஆள்விட்டுப் பேசாமல், மகனையே அழைத்துக்கொண்டு போங்கள். உலையைப் பற்றி வாதாட வேண்டாம். அந்த நாட்களில் அவர்கள் பட்டதை முதலில் அவர் உட்கார்ந்து கேட்கட்டும்" என்றோம். வேண்டுமானால் நாமும் உடன் வருவதாகச் சொன்னோம். 2012-இல் நாம் சொல்லத் தவறிய செபம் ஒன்று அக்கரையில் இன்னும் பாக்கியிருக்கிறது.