எச்சரிக்கை இல்லாத புரோகிராம்

போன கிழமை ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்புக்கு முன்னால் ஏசியதால் வகுப்புக்கு முன்னாலேயே கேட்டேன்.

உயர்தரத்தில் நாங்கள் படிப்பிப்பது பைதன். இவன் ஆசையில் தானாகவே சி படிக்கிறான். சாதாரண தரத்தின் 9 பாடங்களுக்கும் புள்ளி வாங்கித் தரம் போடும் சின்னப் புரோகிராம் எழுதியிருந்தான். புள்ளிக்கு ஓர் அணி, தரத்துக்கு ஓர் அணி. இரண்டிலும் எழுதமுதல் பாட எண் 9 ஐத் தொட்டதா என்று பார்ப்பான். தொட்டால், வேறொரு கோப்பில் இருக்கும் பங்ஷன் "பிழை" என்று காட்டிவிட்டுப் புரோகிராமையே நிறுத்தும்.

சும்மா கொம்பைல் செய்தால் ஒரு முறைப்பாடும் இல்லை. வேகத்துக்காக ஓ2 போட்டதும், அணியின் எல்லை தாண்டுகிறது என்று ஜிசிசி எச்சரித்தது. "கொம்பைலர் பொய் சொல்லாது, நீதான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய். எச்சரிக்கை இல்லாமல் கொண்டு வா" என்றேன்.

அடுத்த நாளே கொண்டு வந்தான். ஓர் எச்சரிக்கையும் இல்லை. பாராட்டினேன். இரவு வீட்டில் சும்மா பாட எண் 12 என்று கொடுத்துப் பார்த்தேன். மறுப்பே இல்லாமல் வாங்கி, அணிக்கு வெளியே போய் எழுதியது. பிள்ளை இரண்டு சோதனையையும் அழித்திருந்தான்!

பிறகுதான் தேடி வாசித்தேன். ஒரே கேள்வி இரண்டு தடவை வருவதைக் கண்ட கொம்பைலர், இரண்டாவதை மிச்சம் பிடிக்க வழியை இரண்டாகப் பிரிக்கிறது. 9 க்குக் குறைந்த எண்ணுக்கு ஒரு பாதை, மற்றதற்கு இன்னொன்று. புள்ளி எழுதும் வரியின் பிரதி அந்த இரண்டாம் பாதையிலும் விழுகிறது. அங்கே எண் 9 அல்லது அதற்கு மேல்தானே, எச்சரிக்கிறது. உண்மையில் அந்த வரிக்குப் போகமுதலே புரோகிராம் நின்றுவிடும். நிறுத்தும் பங்ஷன் வேறு கோப்பில் இருப்பதால் கொம்பைலருக்கு அது தெரியாது. சோதனையே வைக்காதவனுக்கு இந்த எச்சரிக்கை வராது, வைத்தவனுக்கு வருகிறது.

2022 ஜூனில் லினஸ் டோர்வால்ட்ஸே ஜிசிசி 12 இன் இதே எச்சரிக்கையை லினக்ஸ் கேர்னலில் நிறுத்திவைத்தார். அவருக்கே அந்தப் பாடு. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதை நிறுத்த வேண்டாம், உண்மையான பிழைகளையும் அதுதான் பிடிக்கிறது.

சோதனைகளைத் திரும்பப் போட்டு, அந்தப் பங்ஷன் திரும்பி வராது என்று அதன் அறிவிப்பில் "நோரிட்டர்ன்" சேர்த்தோம். ஓ2 வுடன் அமைதியாகக் கொம்பைல் ஆனது.

மன்னிப்புக் கேட்டபோது அவன் சொன்னது: "நான் அண்டைக்கே சொன்னனான் சேர், அது சரியாத்தான் ஓடுது எண்டு. நீங்கள்தான் கேக்கேல்லை."