உம்மம்மாவின் கண்கள்

உம்மம்மாவுக்கு யாசீன் மனப்பாடம். அதனால்தான் அவரது பார்வை மங்கியது வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. சுபஹுக்குப் பின் குர்ஆனை விரித்து வைத்து ஓதுவார். ஒரு பிசகும் இராது. ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். வாயில் யாசீன், விரித்திருந்ததோ சூரா யூசுப்.

"வயசு போனா இப்படித்தான் புள்ள" என்றார். அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட விரலாலேயே பழகியிருந்தார். 15 வருடமாகச் சீனி வருத்தம், குளிசை தவறியதில்லை. நோகாத கண்ணை யார்தான் டொக்டரிடம் காட்டுவார்கள்?

கிளினிக்கில் கண்மணியை விரிக்கும் துளிமருந்தை விட்டு, நெடுநேரம் வாங்கில் இருக்க வைத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் இரண்டு கதை. வலக்கண்ணில் கண்புரை. உள்ளிருக்கும் வில்லை மங்கிவிட்டது; அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும். இடக்கண்ணில் பழுதானது விழித்திரை. சீனியால் அங்குள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் கசிந்திருந்தன. லேசர் பிடித்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம். போன பார்வையை மீட்பது கஷ்டம்.

இந்த இரண்டாவது நோய் ஆரம்பத்தில் ஓர் அடையாளமும் காட்டாதாம். வலியில்லை, சிவப்பில்லை. பார்வை நரம்பைத் தின்னும் குளுக்கோமாவும் பெரும்பாலும் அப்படித்தான். ஓரப் பார்வை முதலில் போவதால் ஆளுக்கே தெரியாது. நாமோ கண் சிவந்தால்தான் பதறுகிறோம். சாதாரணக் கண்நோய் அநேகமாக ஒன்றிரண்டு கிழமையில் மாறிவிடும். சீனி உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமி தேன் விடச் சொன்னார். புரை இருப்பது கண்ணுக்கு உள்ளே. மேலே விடும் தேன் அங்கு எப்படிப் போகும்?

உம்மம்மாவுக்குப் பயம் கத்தியில் இல்லை. "குனியக்கூடாதெண்டா சுஜூது எப்படிச் செய்யிற?" என்பதே கவலை. சில கிழமைக்குக் கதிரையில் இருந்து தொழலாம் என்றதும்தான் சம்மதித்தார்.

ஒபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் கட்டவிழ்த்ததும் முதலில் கண்டது குசினிக் கூரையின் ஒட்டறை. உம்மாவுக்கு நல்ல ஏச்சு.

இடக்கண்ணின் லேசருக்கு இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். அடுத்த முறை உம்மாவையும் சாச்சியையும் கூட்டிப் போவதாக உம்மம்மா சொல்லியிருக்கிறார். இருவருக்கும் சீனி. "எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது" என்கிறார் உம்மா.

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்ச" என்கிறார் உம்மம்மா.