ஓதுதலும் பாடுதலும்



இசைக்கல்வியை ஆராய்வோரின் பன்னாட்டு மாநாடு ஒன்றில் அண்மையில் நாங்கள் கலந்துகொண்டு கட்டுரை வாசித்தோம். நாங்கள் என்றால் கணவன் மனைவி இருவர். ஒருவர் பள்ளியில் தமிழாசிரியர். மற்றவர் மாலை மதரஸாவில் சிறுபிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர். இணையவழியும் கலந்துகொள்ளலாம் என்று அனுமதித்திருந்ததால், அச்சரப்பாக்கத்து வீட்டை விட்டு நகராமலே மூன்று நாள் அமர்வுகளையும் கேட்க முடிந்தது. செய்தி அறிந்த உறவினர்களும் ஜமாஅத்தாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஓதிக் கொடுக்கிறவங்களுக்கு மியூசிக் மாநாட்டுல என்ன வேலை?" நியாயமான கேள்வி. பலரும் கேட்டதால் விடையை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை வழங்க நாங்கள் தகுதியுடையோர் அல்லர். இசைக்கருவிகள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதைப் பற்றிய புகாரி ஹதீஸும் அந்த விவாதத்தில் எடுத்தாளப்படுகிறது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் 'ஸமாஃ' என்னும் கேட்டலுக்கென்றே ஒரு தனிப்பகுதி ஒதுக்கினார். பொருள் எளியதாக இருந்திருந்தால் அவ்வளவு விரிவு தேவைப்பட்டிராது. எங்கள் கட்டுரையோ அந்த விவாதத்தைத் தொடவில்லை. காதால் கேட்டு, நாவால் திருப்பிச் சொல்லி, ஆசிரியரின் வாயைப் பார்த்துக் கற்கும் முறையைப் பற்றியது அது. இசை கற்பிப்போர் உலகெங்கும் ஆராய்ந்துவரும் பொருள் இதுவே. நம் ஓதும் பள்ளிகளோ இதைப் பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கின்றன.

இத்தகைய அவைகள் முஸ்லிம்களுக்குப் புதியனவும் அல்ல. 1932ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. எகிப்து மன்னர் முதலாம் ஃபுஆதின் ஆதரவில் நடந்த அம்மாநாட்டுக்கு ஐரோப்பாவிலிருந்து பேலா பார்த்தோக், பால் ஹிண்டமித் போன்ற இசையறிஞர்கள் வந்தனர். அங்கு அமைக்கப்பட்ட 7 குழுக்களில் ஒன்று இசைக்கல்விக்கென்றே இருந்தது. நம் சென்னையை எடுத்துக்கொண்டால், 1998இல் நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவ்விருதுக்குரியவரே அவ்வாண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்பது அங்குள்ள மரபு. ஆக, கர்நாடக இசை ஆய்வாளர்களின் அவையில் ஒரு முஸ்லிம் தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கிறார்.

ஆயினும் எங்கள் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் எழுப்பிய கவலை எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. "நீங்க போங்கம்மா, நான் வேணாங்கலை. ஆனா குர்ஆனைக் கொண்டுபோய்ப் பாட்டுக் கச்சேரிக்கு நடுவுல வெச்சுட்டு வந்துடாதீங்க" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் அமானிதமாக எடுத்துக்கொண்டோம். கட்டுரையை 'குரலிசை' என்னும் பிரிவில் சேர்ப்பதாக அமைப்பாளர்கள் எழுதியபோது, 'வாய்வழிக் கற்பித்தல்' என்னும் பிரிவுக்கு மாற்றித் தருமாறு கேட்டோம்; மாற்றித் தந்தனர். ஓதிக் காட்டும் இடத்தில் கைதட்ட வேண்டாம், அமைதியாகக் கேட்டால் போதும் என்றும் முன்னரே தெரிவித்தோம். இவ்விரண்டும் கிடைத்திராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம்.

எங்களுக்கு வழி திறந்தது ஒரு தமிழ்ச் சொல். நாம் குர்ஆனைப் 'பாடுகிறோம்' என்று எவரும் சொல்வதில்லை. 'ஓதுகிறோம்' என்றே சொல்கிறோம். ஓதுதல் என்பதற்குக் கற்றல், படித்தல் என்ற பொருள்களும் பழந்தமிழிலேயே உண்டு. எங்களூர் ஆட்சீஸ்வரர் கோயில் போன்ற சிவாலயங்களில் திருமுறை சொல்வோரை 'ஓதுவார்' என்று அழைப்பதும் இச்சொல்லால்தான். குரலில் ஏற்ற இறக்கம் இருந்தும் அதைப் பாட்டு என்று சொல்லாமல் தனிப்பெயர் இட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்த நாங்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் 'ஓது' என்று தமிழெழுத்திலேயே திரையில் காட்டினோம். இதே வேறுபாட்டை இசையறிஞர் லோயிஸ் லம்யா அல்ஃபாரூக்கியும் தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார். முஸ்லிம்களின் ஒலிக்கலைகள் அனைத்தையும் இசை என்ற ஒரே பெயரில் அடக்கக் கூடாதென்று 'ஹந்தஸத்துஸ் ஸவ்த்' என்னும் தொடரைக் கையாண்டார். ஒலியைக் கட்டமைக்கும் கலை என்று அதற்குப் பொருள் கூறலாம்.

கட்டுரையின் நடுப்பகுதி தமிழையும் தஜ்வீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என வகுத்துச் சொல்கிறது. தஜ்வீதில் இதற்கு மக்ரஜ் என்று பெயர். இமாம் இப்னுல் ஜஸரி 17 இடங்களைக் கணக்கிடுகிறார். கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தமிழ். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. தஜ்வீதிலும் குறுகிய உயிரொலி ஒன்றைச் சொல்லும் நேரமே ஒரு ஹரகத். இயல்பான மத்துக்கு 2 ஹரகத். ஆகவே 'கல்', 'கால்' என்னும் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இயல்பான மத்து முன்பே தெரியும். நெடிலை மேலும் நீட்டும் அளபெடை தெரிந்தவருக்கு, மத்தை 4, 6 என்று நீட்டுவதன் கருத்து விளங்கும். உஸ்தாது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவதும், தமிழாசிரியர் விரல் நொடித்து மாத்திரை காட்டுவதும் ஏறத்தாழ ஒரே பாடம்தான்.

ஒலி மாறினால் பொருள் மாறும் என்பதையும் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. வலி, வளி, வழி மூன்றும் வேறு என்று அறிந்த பிள்ளையிடம், அடிநாவின் காஃபால் சொன்னால் கல்பு இதயம், மற்றைய காஃபால் சொன்னால் நாய் என்று சொன்னால் போதும், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். மதரஸாவில் நாள்தோறும் காணும் காட்சி இது.

எங்களுக்கு வழங்கப்பட்ட நேரம் 15 நிமிடம். அங்கே நண்பகல்; இங்கே மஃரிப் தொழுது முடித்த நேரம். ஓதிக் காட்டியபோது அவை அமைதியாக இருந்தது. பிறகு கேள்விகள் வந்தன. "சுருதியும் காலஅளவும் இருக்கும்போது இது இசையல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார் ஒருவர். ராகத்தின் அழகுக்காக ஓர் எழுத்தை நீட்டவோ குறைக்கவோ ஓதுபவருக்கு உரிமை இல்லை; எழுத்தின் அளவுக்குக் குரல்தான் கட்டுப்பட வேண்டும் என்று விடையளித்தோம். குரலின் அழகை மார்க்கம் மறுக்கவில்லை. அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் ஓதலை நபி (ஸல்) அவர்கள் தாவூத் (அலை) குடும்பத்தாரின் இனிய குரலோடு ஒப்பிட்டுப் புகழ்ந்ததையும் சொன்னோம்.

அடுத்த கேள்விதான் எங்கள் மனத்தில் இன்றுவரை நிற்கிறது. இசைப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார்: "குரல் வராத பிள்ளையை என்ன செய்வீர்கள்?"

அப்படியொரு பிரிவே எங்களிடம் இல்லை என்றோம். பாடகர் குழுவுக்குக் குரல் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஓதும் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. தொழுகை எல்லார் மீதும் கடமை என்பதால் எல்லாருக்கும் ஓதத் தெரிந்தாக வேண்டும். திக்குவாய் உள்ள சிறுவன் ஒருவன் எங்கள் மதரஸாவில் இருக்கிறான். மற்றவர் ஒரு நாளில் முடிக்கும் சபக்கு அவனுக்கு ஒரு வாரம் ஆகும். அவனை எவரும் விரைவுபடுத்துவதில்லை. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்ற கருத்தில் வரும், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழியை நாங்கள் எடுத்துச் சொன்னபோது, அந்த ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "தடுமாறுவோருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் பள்ளியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை" என்றார். தொடர்ந்த உரையாடல் முழுதும் இதைப் பற்றியே அமைந்தது. நாங்கள் மிகுந்த உழைப்போடு திரட்டிய மாத்திரைக் கணக்கை விட, நாம் இயல்பென்று எண்ணி வந்த இந்த வழக்கமே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதனால்தான் இதை நம் குடும்பங்களுக்கு எழுதத் தோன்றியது. இப்போது கிராஅத் போட்டிகள் பெருகியிருக்கின்றன. இனிய குரலுடைய பிள்ளையின் காணொளி கைப்பேசிகளில் சுற்றுகிறது. நல்லதுதான், ஆர்வமூட்டும். ஆனால் பரிசு வாங்கும் பிள்ளை முன்வரிசைக்கும் திக்கும் பிள்ளை கடைசிப் பாய்க்கும் போய்விட்டால், பிறர் வியந்த அந்த ஒன்றை நாமே இழந்துவிடுவோம். "எம்புள்ளைக்குக் குரல் நல்லா இல்லை, ஓத வேண்டாம், கேட்டாப் போதும்" என்று பெற்றோர் சொல்வதை இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இன்றிரவு இஷாவுக்குப் பின் 10 நிமிடம் ஒதுக்கி, உங்கள் வீட்டில் மிகவும் தயங்கி ஓதும் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு சிறு சூராவை அதன் வேகத்திலேயே ஓதச் சொல்லிக் கேளுங்கள். திருத்த வேண்டியதை நாளை உஸ்தாது திருத்துவார்.

ஜமாஅத்தின் மூத்தவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னோம். கைதட்டவில்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நம் பிள்ளைகளின் நாவுகளை அல்லாஹ் எளிதாக்குவானாக. அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போருக்குப் பொறுமையை அருள்வானாக. ஆமீன்.