இறங்கிப் பார்க்கணும்

ஜூலை 4

அப்பாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. உள்ளறையில் காற்றே வராது, கழிப்பறையும் தூரம். டிவி கூடத்தில்தான். ஆகவே பையனின் பிளேஸ்டேஷனும் அவனுடைய தாத்தாவும் இனி ஒரே அறைவாசிகள். பக்கவாதம் அப்பாவின் வலது கையையும் பேச்சையும் பிடித்துக்கொண்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கேட்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது.

"சத்தமில்லாம ஆடுறேம்மா" என்றான். ஆடு என்றேன்.

ஜூலை 5

இடது கையால் சாப்பிடமாட்டாராம். ஊட்டவும் விடமாட்டார். இட்லி காய்ந்துவிட்டது.

ஜூலை 9

கூடத்திலிருந்து ஒரே கத்தல். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கரண்டியோடு ஓடினேன். கத்தியது பையன். எஃப்1 23 என்ற கார் பந்தய கேமில், சில்வர்ஸ்டோன் தடத்தில், பதினெட்டு விநாடி முன்னிலையில் போய்க்கொண்டிருந்தானாம். பின்னால் எவனோ மோதி உடைந்தான். சிவப்புக் கொடி. பந்தயம் நின்றது. முன்னிலை போச்சு.

"நின்னா என்ன, அப்புறம் அதே பதினெட்டு விநாடியோட ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"அப்படி இல்லம்மா" என்று பாடம் எடுத்தான். சேஃப்டி கார் வந்தால் வண்டிகள் அதன் பின்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். சிவப்புக் கொடி என்றால் எல்லா வண்டியும் பிட் பாதைக்குள், அதாவது டயர் மாற்றும் ஓரப் பாதைக்குள், வந்து நிற்கவேண்டும். கேமில் அந்த ஊர்வலத்தைக் காட்டுவதில்லை, திரை சட்டென்று அங்கே தாவிவிடுகிறது. நிற்கிற நேரத்தில் டயர் மாற்றலாம், உடைந்த மூக்கைப் பூட்டலாம். பிறகு எல்லாரும் வரிசைக்குப் போய், விளக்கு அணைந்ததும் முதலிலிருந்து புறப்படவேண்டும். இடம் மட்டும்தான் மிஞ்சும், இடைவெளி மிஞ்சாது.

இது கேம் செய்தவர்கள் கட்டிய கதையல்ல, நிஜ ஃபார்முலா ஒன் பந்தய விதிதான் என்று ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஓடிய இரண்டு பாதியின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு சொல்வார்கள். 1994இல் சுசுகாவில் மழையில் நின்று தொடங்கிய பந்தயத்தை டேமன் ஹில் மைக்கேல் ஷூமாக்கரிடமிருந்து ஜெயித்தது அந்தக் கூட்டல் கணக்கில்தான். பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது: முன்னால் ஓடுகிறவன் உண்மையில் பின்னால் இருப்பான். இப்போது கண்ணில் தெரிவதே கணக்கு. வரிசையில் நின்று மறுபடி புறப்படும் விதி 2018இல் வந்தது.

ஆனால் நியாயமா? டயர் மாற்றப் போய் வந்தால் சுமார் இருபது விநாடி போகும். முன்பே மாற்றிவிட்டவன் அந்த நேரத்தைக் கொடுத்தவன். மாற்றாமல் இழுத்தடித்தவனுக்குச் சிவப்புக் கொடி வந்தால் எல்லாம் இலவசம். 2020 மோன்சாவில் லாண்ஸ் ஸ்ட்ரோலுக்கு அப்படித்தான் புது டயர் கிடைத்தது. 2021 சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பனோடு மோதியதில் ஹாமில்டனின் வண்டியும் சேதப்பட்டது. பந்தயம் நின்ற நேரத்தில் அதைச் சரிசெய்தார்கள். பத்து விநாடி தண்டனையும் வாங்கி, அவரே ஜெயித்தார். வெர்ஸ்டாப்பன் அப்போது ஆஸ்பத்திரியில்.

பையன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே படுகிறது.

ஜூலை 13

பிசியோதெரபி தம்பி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆபீஸில் லீவு கேட்டால் "எப்போ நார்மலாகும்?" என்கிறார்கள். எனக்கென்ன தெரியும். டிவியைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது, அணைத்ததோடு விட்டேன்.

ஜூலை 14

அப்பாவே போடச் சொல்லிக் கை காட்டினார்.

ஜூலை 20

கேமில் மழை, இரண்டு வண்டி முட்டி நொறுங்கின. சிவப்புக் கொடி. பையனுக்குக் கொண்டாட்டம், இந்தத் தடவை அவன்தான் டயர் மாற்றாதவன். திரை தாவி, டயர் பட்டியல் வந்துவிட்டது. அப்பாவின் வாய் அசைந்தது. காத்திருந்தோம்.

"அவன்... எந்திரிச்சானா?"

"எவன் தாத்தா?"

இடது கையால் திரையைக் காட்டினார். அங்கே டயர்கள்தான் இருந்தன. சாஃப்ட், மீடியம், ஹார்ட்.

"அது கம்ப்யூட்டர் தாத்தா. ஆளே கிடையாது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுரைக்கும் குமுளிக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர்.

ஜூலை 21

நிஜப் பந்தயத்தில் நடந்ததை அவரிடம் சொன்னேன். பஹ்ரைனில் 2020 நவம்பரில் ரொமான் குரோஷான் என்ற ஓட்டுநரின் கார் முதல் சுற்றிலேயே தடுப்பைக் கிழித்து இரண்டாகப் பிளந்து எரிந்தது. அரை நிமிஷத்துக்குள் நெருப்பிலிருந்து அவரே ஏறி வெளியே வந்தார். கையில்தான் தீக்காயம். பந்தயம் ஒரு மணிக்கும் மேல் நின்றது. "நல்லது" என்றார், தெளிவாக.

பிறகு ஜூல் பியாங்கி என்ற ஓட்டுநரைச் சொல்லியிருக்கவேண்டாம், சொல்லிவிட்டேன். 2014 அக்டோபர், சுசுகா, மழை. ஏற்கெனவே சறுக்கிய ஒரு வண்டியைத் தூக்க டிராக்டர் உள்ளே வந்திருந்தது. எச்சரிக்கைக்கான மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது, பந்தயம் நிற்கவில்லை. பியாங்கி சறுக்கிப் போய் அந்த டிராக்டரில் மோதினார். அதன்பிறகுதான் சிவப்பு. நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் போய்ச் சேர்ந்தார், 25 வயது. வண்டியே வராத 'வர்ச்சுவல்' சேஃப்டி கார் என்ற ஏற்பாடு அந்த வருஷமே வந்தது. எல்லா வண்டியும் குறித்த வேகத்துக்குள் அடங்கிப் போகவேண்டும். அப்படியும் 2022இல் அதே சுசுகாவில், அதே மாதிரி மழையில், வண்டிகள் ஓடும்போதே மீட்பு வண்டியை உள்ளே விட்டார்கள். பக்கத்தில் சீறிப் போன பியர் காஸ்லி ரேடியோவில் கொதித்தார். அவர் பியாங்கியின் நண்பர்.

அப்பா வெகுநேரம் கழித்து: "நிப்பாட்டுனா... இறங்கிப் பாக்கணும், பாப்பா."

ஜூலை 28

ரப்பர் பந்தை அமுக்கினார். கொஞ்சம்.

ஆகஸ்ட் 6

முட்டிக்கொண்டால் பையன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். காட்சி பின்னோக்கி ஓடி, மோதலுக்கு முந்திய வளைவில் போய் நிற்கிறது. அங்கிருந்து திரும்ப ஓட்டலாம். அப்பா அதை இன்று நாலைந்து தடவை போட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 15

கன்ட்ரோலரில் ஆக்சிலேட்டர் வலது ஆள்காட்டி விரலில் இருக்கும். அது அப்பாவால் ஆகாது. பையன் செட்டிங்கில் போய் அதை இடது பக்கம் மாற்றி, கன்ட்ரோலரை அப்பாவிடம் கொடுத்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. சுவரில் உரசினார், புல்லில் போனார், பெரியவர் வாயில் கெட்ட வார்த்தைகூட வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் தடங்கலில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது!

மூன்றாவது சுற்றில் முன்னால் போன வண்டி தடுப்பில் மோதிக் கிடந்தது. மஞ்சள் கொடி மட்டும்தான். அப்பா பிரேக்கை அழுத்தி, ஓரங்கட்டி, அதன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வரிசையாகக் கடந்து போனார்கள்.

"தாத்தா, போங்க! எல்லாம் போயிட்டாங்க!"

அவர் போகவில்லை. கிடந்த வண்டி கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்தே மறைந்துபோனது. அதற்குப் பிறகுதான் நகர்ந்தார். கடைசி இடம்.

ஆகஸ்ட் 16

இந்த கேமில் சிவப்புக் கொடியை வேண்டாமென்று அணைத்துவிடலாம், அடிக்கடி வரும்படி கூட்டவும் செய்யலாம். பையன் கூட்டி வைத்திருக்கிறான், அதிர்ஷ்டம் அடிக்குமாம். டயர் கணக்கை, மழையை, இன்ஜினியரின் குரலை எல்லாம் அச்சாகக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொடி காட்டியதும் டயர் பட்டியலுக்குத் தாவாதீர்கள். உடைந்த வண்டியிலிருந்து ஆள் இறங்கி நடப்பதை ஒரு விநாடி காட்டிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அதற்காகவே உட்கார்ந்து பார்க்கிறார்.