பொறித்த எண்ணுக்கு அப்பால்

ஒரே சிலிக்கன் தகட்டில் உருவாகும் சில்லுகள் யாவும் ஒரே ஆற்றலுடையன அல்ல. சில விரைந்தோடும், சில விரைவிலேயே தடுமாறும். ஆகையால் எல்லாம் தவறாது ஓடக்கூடிய ஒரு வேகத்தைத் தேர்ந்து, அதற்கே உற்பத்தியாளர் உத்தரவாதம் அளிக்கின்றனர். அந்த எல்லைக்கும் உண்மை எல்லைக்கும் இடையே எஞ்சும் வெளியில் சில்லை ஓட்டிப் பார்க்கும் முயற்சியே ‘ஓவர்குளொக்கிங்’ எனப்படுவது. 1998இல் 300 மெகாஹேட்ஸ் வேகத்தினதாக விற்கப்பட்ட இன்டெல் செலரோன் 300ஏ சில்லை ஆர்வலர் பலர் 450 மெகாஹேட்ஸில் ஓட்டியமை இத்துறையில் இன்றும் பேசப்படும் கதை.

தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊரெனத் தமிழ் மாணவர் அறிந்த கரம்பொனில், இம்முயற்சியில் முதன்முறை இறங்கிய இளைஞன் ஒருவன் உளன். திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எடுக்கப்படும் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்குபவன். அவனுடைய வரைகலை அட்டை, 2016இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வகை. தாயின் சீட்டுக் காசில், பாவித்த பொருளாக வாங்கியது. வேகம் கூடினால் இரவில் சிறிது நேரம் மிஞ்சும். அட்டை கருகினாலோ தொழிலே நின்றுவிடும்.

அதன் அடிப்படை வேகம் 1290 மெகாஹேட்ஸ். ஊக்க வேகம் 1392. பங்குனி மாதத்துப் புழுக்கத்தில், சாளரங்களைத் திறந்துவைத்து, 25 மெகாஹேட்ஸ் வீதம் கூட்டத் தொடங்கினான். ஒவ்வொரு படியிலும் கால்மணி நேரம் அட்டையைக் கடுமையாக உழைக்கவிட்டான். 150 வரை இடரில்லை. 175இல் திரை கறுத்தது. விசிறியின் இரைச்சல் சட்டென அடங்கியதும் தாயார் எழும்பி வந்து, “என்ன தம்பி, கறண்ட் நிண்டிட்டுதோ?” என்று கேட்டார். மறுமொழி சொல்லுமுன் திரை தானே மீண்டது.

நினைவகத்தின் வேகத்தைக் கூட்டியபோதுதான் விந்தை நிகழ்ந்தது. ஒரே வீடியோத் துண்டைப் படிக்கொரு தடவை ஓட்டி நேரம் குறித்துவந்தான். 400 மெகாஹேட்ஸ் கூட்டும்வரை நேரம் குறைந்தது. 600ஐத் தொட்டபோது திரையில் புள்ளியோ கீறலோ தோன்றவில்லை. எனினும் வேலை முன்னிலும் தாமதமாயிற்று. ஜிடிடிஆர்5 நினைவகம், தரவு செல்லும் வழியிற் பிழை நேர்ந்தால் அதனைக் கண்டு, மீண்டும் அனுப்பச் செய்யும் ஏற்பாடுடையது. வேகம் மிகுந்தபோது பிழைகள் மலிந்தன. மீள அனுப்புவதிலேயே காலம் கழிந்தது. எண் ஏறியது, வேலையோ இறங்கியது. மணிக்கூட்டைப் பாராது எண்ணை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி பெற்றதாகவே அவன் நம்பியிருப்பான்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னான். அவர் 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகிய அந்நாள்களில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோருள் அவரும் ஒருவர். செய்தவன் சொல்லாத வேலையைப் பொறியிடம் வாங்குவது அத்தலைமுறைக்குப் பொழுதுபோக்கன்று.

“ஓடும் தம்பி, ஓடத்தான் செய்யும். ஆனா கரி எங்கை படியுதெண்டு கழட்டிப் பாக்கவேணும்” என்றார் அவர்.

அட்டையிற் கரி ஏது? ஆயினும் கழற்றினான். வெப்பத் தகடுகளின் இடுக்கெங்கும் கடற்காற்றின் ஈரத்தில் ஒட்டிய தூசி கம்பளம்போற் படிந்திருந்தது. சில்லின் மீதிருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. தூசி நீக்கிப் புதுப் பசை பூசியபின், 81 பாகையில் நின்ற வெப்பம் 69 பாகைக்கு இறங்கிற்று. வெப்பம் குறையுந்தோறும் இவ்வகைச் சில்லு தன் வேகத்தைத் தானே சிறு சிறு படிகளாக உயர்த்திக்கொள்ளும். ஆதலின் எதனையும் கூட்டாமலே அது முன்னிலும் விரைந்தோடியது. தூசியினால் இழந்திருந்ததைத் தேடியே அவன் அத்தனை இரவுகளும் விழித்திருந்தான் போலும்.

இப்பொழுது சில்லுக்கு 100, நினைவகத்துக்கு 300 எனக் கூட்டல் நிற்கிறது. முழு வீடியோவையும் இறுதியாகக் கோப்பாக்கும் இரவுகளில் இரண்டையும் பூச்சியமாக்கிவிடுகிறான். தாலி கட்டும் காட்சியிற் பச்சைக் கட்டமொன்று தோன்றினால், பிரான்சிலிருந்து பார்க்கும் உறவினருக்கு நினைவக வேகத்தை விளக்க முடியாது. சோளகம் வீசத் தொடங்கும் வைகாசியில் 125ஐ மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறான்.