மூடிய சுற்றில் ஒரு கசிவு

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் 1993-ஆம் ஆண்டின் கான்டெஸ்ஸா கிளாசிக் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரின் உடலமைப்பை வாங்கி, வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய வண்டி. மனைவியின் பிறந்தகமான நாகர்கோவிலுக்கு மாதம் ஒருமுறை இருவரும் அதில்தான் போய்வந்தனர். இதய அறுவைக்குப்பின் அம்மையாரால் புழுக்கம் தாங்க முடியவில்லை. ஏசியோ மூன்று ஆண்டுகளாக மாசியில் குளிர்ந்து, சித்திரையில் வெறுங்காற்றை வீசிற்று. அவர் ரயிலுக்கு மாறினார். வண்டி உறை போர்த்தி நின்றது.

திருவனந்தபுரத்து வெக்கை வேலூர் வெயிலன்று. வெப்பமானி 33 டிகிரியைக் காட்டும் நாளிலும் காற்று நீரைச் சுமந்து நிற்கும். ஏசியின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் குளிர்விப்பதில் அன்று, அந்த ஈரத்தை நீராக்கி வெளியேற்றுவதில் செலவாகிறது. ஆகவே சிறு குறைபாடும் இங்கே உடனே தெரிந்துவிடும்.

முதல் பட்டறையில் “கேஸ் போயி, சாரே” என்றார்கள், நிரப்பினார்கள். மறு ஆண்டும் அதுவே. கேஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய சுற்றில் ஓடுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு பொருளில்லை. இதை வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் சொன்னவர் பட்டறையில் ஏன் கேட்காமல் இருந்தார் என்பதற்கு அவரிடமே விடையில்லை.

இரண்டாம் பட்டறை எஞ்சினை அணைத்துவிட்டு அழுத்தமானியைப் பொருத்தியது. முள் 90-ஐத் தாண்டி நின்றது. “கேஸ் நிறைய இருக்கிறது, கம்ப்ரசர்தான் போய்விட்டது” என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார்கள். அன்றிரவுதான் அவருக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். சுற்றில் ஒரு துளி திரவம் எஞ்சியிருக்கும் வரை, ஓய்வு நிலையின் அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலையே, அளவன்று. முழுதாக நிரம்பியிருந்தாலும் முக்கால் பங்கு காலியானாலும் முள் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். எவ்வளவு இருக்கிறது என்பதை எடை போட்டே அறிய இயலும்.

மூன்றாவதாக வந்த முதிய மெக்கானிக் மானியைத் தொடவில்லை. விளக்கைப் பிடித்து எண்ணெய்க் கறையைத் தேடினார். கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெய் பிசுக்கும். கறை, கம்ப்ரசரின் தண்டு வெளியே வரும் சீலில் இருந்தது. பெல்ட்டால் இயங்கும் கம்ப்ரசருக்கு அந்தத் தண்டு வெளியே வந்தாக வேண்டும்; அங்கே காவல் அந்த ஒரு வளையம்தான். ஓடாமல் கிடந்தால் எண்ணெய் எட்டாமல் அது உலர்ந்து போகும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிட்டிருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். ஏசி குளிராததால் அம்மையார் ஏறவில்லை. அவர் ஏறாததால் வண்டி நின்றது. நின்றதால் கசிவு பெருகிற்று.

அடுத்த கேள்வி, எதை நிரப்புவது என்பது. இந்த வண்டி பிறந்தபோது ஓடியது ஆர்-12. அதனை உள்ளிட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2008-இல் மருத்துவத் தேவைக்கு விலக்களித்து உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஓசோனை அளக்கும் பலூன்களை வானிலைத் துறை பறக்கவிட்டுவந்த நகரங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. கீழ்க்காற்று ஓசோன் அடுக்குக்கு ஏறிச்செல்லும் வாசலும் பெரும்பாலும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகத் தம் வண்டியிலிருந்து போனது எங்கே போயிருக்கும் என்று எண்ணியபோது, நிரப்பிய உருளையில் இருந்தது எது என்பதைக்கூடத் தாம் விசாரிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த கலவையை மலிவாக அடித்துத்தர ஒருவர் முன்வந்தார். கூலிங் காயில் பயணியின் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கசிந்தால் எரிவாயு நிறைவது இருக்கையில்தான். மறுத்துவிட்டார். எஞ்சியதைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்டெடுக்கும் எந்திரத்தை இரவல் வாங்கிவர இரண்டு நாள் ஆயிற்று. பழைய கனிம எண்ணெய் 134ஏ-யோடு கலவாது என்பதால் அதை வடித்து எஸ்டர் எண்ணெய் ஊற்றினார்கள். சீல், ஓ-ரிங்குகள், டிரையர் எல்லாம் புதிது. வெற்றிடப் பம்பு நெடுநேரம் ஓடியது; அழுத்தம் விழும்போது உள்ளிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். பிறகு, ஆர்-12-க்குக் குறித்த அளவைவிடச் சற்றுக் குறைத்து, எடை போட்டு நிரப்பினார்கள். 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. சீலை ஒழுங்காகப் போடுங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் சொன்னதற்குக் காரணம் இதுவே.

நாகர்கோவில் புறப்பட்ட அன்று பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் காற்று சற்று வெதுவெதுத்தது. பழைய கண்டென்சருக்குப் புதிய கேஸ் கொஞ்சம் பாரம்; முன்னால் ஒரு மின்விசிறி கூட்ட வேண்டியிருக்கும். நெய்யாற்றின்கரை கடந்து வண்டி வேகமெடுத்ததும் சரியாயிற்று. களியக்காவிளையில் தேநீருக்கு நிறுத்தியபோது வண்டிக்கு அடியில் நீர் சொட்டிச் சாலையை நனைத்திருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அம்மையார் கண்ணாடியை இறக்கி, பின்னிருக்கையில் கிடக்கும் சால்வையை எடுத்துத் தரச்சொன்னார்.