காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்த் தலங்கள்

காஞ்சிமாநகரை அடையும் யாத்திரிகருட் பெரும்பாலோர் திருவேகம்பத்தை விரைந்து வழிபட்டு, காமாட்சியம்மையையும் தரிசித்து, பட்டுக்கடைகளிற் பாதி நாளைப் போக்கி, அந்திக்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். பட்டு வாங்குதல் குற்றமன்று. கோர்வைத் தறியில் இருவர் இருந்து உடலையுங் கரையையும் இணைத்து நெய்யுஞ் சேலையை நாடி வருதல் இயல்பே. ஆயின், நெசவாளர் நிறைந்து வாழும் பிள்ளையார்பாளையத்திலேயே திருக்கச்சி மேற்றளி என்னும் பாடல்பெற்ற தலம் இருப்பதை அவருட் பலர் அறியாது செல்லுதல் இரங்கத்தக்கது. நகரத்துட் கோயிலே இங்ஙனம் மறக்கப்படுமாயின், புறத்தேயுள்ள சிற்றூர்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

திருஞானசம்பந்தப் பிள்ளையார் காஞ்சிக்கு நேரே எழுந்தருளினாரல்லர். திருவண்ணாமலையினின்றும் போந்து, திருவோத்தூர், திருமாகறல், திருக்குரங்கணின்முட்டம் என்னும் மூன்றையும் பணிந்து பாடிய பின்னரே கச்சியுட் புகுந்தார். சேக்கிழார் பெருமான் காட்டும் இவ்வழி இன்றும் ஒரே நாளிற் செல்லத்தக்கதே.

திருவோத்தூர் இக்காலத்துச் செய்யாறு நகரின்கண் உள்ளது. அடியார் ஒருவர் இறைவர்க்கென வளர்த்த பனைகளெல்லாம் ஆண்பனைகளாய் நிற்க, அது கண்டு பிறர் நகைத்தனர். அவர் வருத்தந்தீரப் பிள்ளையார் பாடியருள, அவை குலையீன்றன. பனையே இன்றும் ஆங்குத் தலமரம். திருமாகறல் சேயாற்றங்கரையில் வயல் சூழ்ந்து அமைந்த ஊர். அரைமணி நேரமேனும் அங்கு வாளா அமர்ந்திருத்தல் நன்று.

மூன்றனுள்ளும் உள்ளத்தை மிகக் கவர்வது குரங்கணின்முட்டமே. வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், யமன் காகமாகவும் வழிபட்டமையால் இப்பெயர் வந்ததென்பர். முட்டம் என்பது காகம். அரச முடியையும் தேவர் பதவியையும் பெயரில் வையாது, வீட்டு முற்றத்தில் நாடோறுங் காணும் எளிய உயிர்களின் வடிவத்தையே ஊர் தன் பெயராக ஏற்றுக்கொண்டமை நினைக்குந்தோறும் இனிப்பது. அருகே பல்லவர் காலத்துக் குடைவரையொன்றும் உண்டு. சிறிது தொலைவில், மாமண்டூர் ஏரிக்கரையை அடுத்த குன்றிலும் குடைவரைகள் உள. சிற்பம் நாடிக் கடல்மல்லை வரை செல்வோரும் இவற்றை ஏனோ நாடுவதில்லை.

அடியார் வரவு அருகிய கோயிலிற் கதவம் நெடும்பொழுது திறந்திராது. சிலபோது அருச்சகர் மனையை வினாவிச் சென்று அவரை அழைத்துவருதல் வேண்டும். நாளொன்றுக்கு நால்வர் வந்து எண்ணெய்க்கும் மலருக்கும் சிறிது வழங்கினும், அங்கு மற்றொரு விளக்கு எரியும். இவை உச்சிப்பொழுதில் அடைக்கப்படும். காஞ்சியின் பட்டுக்கடைகளோ இரவிலும் திறந்திருக்கும். ஆதலின் விடியலில் திருவோத்தூரில் தொடங்கி, குரங்கணின்முட்டத்தை நண்பகற்கு முன் தரிசித்து, பாலாற்றைக் கடந்து மாலையில் ஏகம்பத்தை அடைதல் தக்கது.